மேல்வீட்டு ஏசியும் கீழ்வீட்டு ஹாலும்

1

கல்யாணநாள், பிறந்தநாள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறைதான். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆண்டுவிழா உண்டு. அது வீட்டு அக்ரிமென்டைப் புதுப்பிக்கிற நாள். எங்களுக்கு அது போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் ஏசியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஹைதராபாத் போனதெல்லாம் ஒரு புலம்பெயர்வா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விமானம் ஏறி துபாய் போன என் தம்பி அங்கே தமிழ்க் கடையில் சாமான் வாங்கி, தமிழ் ஆளிடம் முடி வெட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறான். ரயிலேறி இங்கே வந்த நான், பதினைந்து வருஷமாகக் கீரைக்காரம்மாவிடம் தெலுங்கிலும், ஆட்டோக்காரரிடம் இந்தியிலும், பெற்ற பிள்ளையிடம் சைகையிலும் பேசிக்கொண்டிருக்கிறேன். இதில் யார் புலம்பெயர்ந்தவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் கணவர் சண்முகத்துக்கு இங்கே ராணுவம் சார்ந்த ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. முதலில் அல்வால் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கட்டடம் பழசாகிவிட்டது, இடிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். லோத்குண்டாவில் இந்த மேல்வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம்.

கீழே வீட்டுக்காரர் தேவராஜ் அங்கிளும் அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டியும் இருக்கிறார்கள். அங்கிளின் முன்னோர் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கமிருந்து வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்டவர்கள். அங்கிள் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பார்க்கப் போன அன்று வாசலிலேயே கையை விரித்து, இந்த ஊர் உருது கலந்த தமிழில் வரவேற்றார்.

"ஆவ் சார், ஆவ். தமிழா நீ? புரா ஃபேமிலி தமிழா? பஸ், அவ்ளோதான், வீடு உனக்குத்தான். பெட்ரூம்ல ஏசி கூட இருக்கு. டென்ஷன் நக்கோ."

'சார்' என்று ஆரம்பித்து 'நீ' என்று முடித்ததை ஜீரணிக்க என் கணவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. "நம்ம ஊர்ல இப்படிப் பேசினா கைகலப்பு ஆயிரும்" என்றார். "அவரு பாஸ்டரையே அப்படித்தான் கூப்பிடுவாரு" என்று ஆன்ட்டி சமாதானம் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

2

நான் வளர்ந்ததும் வாடகை வீட்டில்தான். பாளையங்கோட்டையில் இதற்கெல்லாம் சட்டம் தெளிவாக இருந்தது. கூரையில் இருக்கிற கொக்கி வீட்டுக்காரருடையது. அதில் தொங்குகிற ஃபேன் குடியிருப்பவருடையது. வீடு மாறும்போது அப்பா ஃபேனைக் கழற்றி, இறக்கைகளைப் பழைய பேப்பரில் சுற்றி, மோட்டாரைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவார். புது வீட்டில் அம்மா பால் காய்ச்சுவாள். அப்பா கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். கொக்கி ஆடினால் வீட்டுக்காரரிடம் புகார், ஃபேன் ஆடினால் எங்களுக்குள்ளேயே சண்டை. அவ்வளவுதான் சட்டம்.

ஏசியில் எது கொக்கி, எது ஃபேன்? அறைக்குள் ஒரு பெட்டி, வெளிச்சுவரில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவில் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற செம்புக்குழாய், அந்தக் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத கேஸ். எங்கள் அக்ரிமென்டில் இதற்கு ஒரே ஒரு வரி இருந்தது. சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு, பெரிய ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு. கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர் எல்லா வீட்டுக்கும் அடித்துக் கொடுக்கிற வரி அது. எது சின்னது, எது பெரியது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது யார் அதையெல்லாம் கேட்பார்கள்?

3

ஏசி ஓடியது எனக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். உடம்பு சூட்டைப் பற்றிய கவலை அதில் பாதிகூட இல்லை.

எங்கள் மகன் முத்துவுக்குப் பதினெட்டு வயது ஆகப்போகிறது. தமிழ் எல்லாம் புரியும். பேசமாட்டான். வீட்டில் அவன் உபயோகிக்கிற சொற்கள் மூன்று. சாப்பிட வா என்றால் "வஸ்தா". குளித்துவிட்டுப் போ என்றால் "சரே". பரீட்சை நெருங்குகிறது என்றால் "தெலுசு". வருகிறேன், சரி, தெரியும். மூன்றும் தெலுங்கு, மூன்றும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும்.

முன்பு பேசிக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். பந்தியில் என் கணவரின் அண்ணனிடம் போய் ரொம்பப் பிரியமாக, "பெரியப்பா, நீ பாகா உன்னாவா? சாம்பார் நக்கோவா?" என்று கேட்டான். நலமா இருக்கீங்களா, சாம்பார் வேண்டாமா என்று கேட்டிருக்கிறான் பிள்ளை. பந்தியே சிரித்தது. இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். யாரோ அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அது திரும்பி வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் அன்றோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

கோடையில் மட்டும் எனக்கு என் மகன் திரும்பக் கிடைப்பான். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு, ஒரே ஒரு ஏசி. ஏப்ரல் பிறந்தால் வீடே அந்த ஓர் அறைக்குள் வந்துவிடும். படிப்பு, தூக்கம், காய் நறுக்குவது எல்லாம் அங்கேதான். அவன் காதில் ஹெட்போன் இருந்தாலும் ஒரே அறையில், ஒரே பாயில் இருப்பான். சில நாள் தூக்கத்தில் "அம்மா, தண்ணி" என்பான். அது தமிழ்தானே, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

இந்த வருஷம் இன்டர், அதாவது நம் ஊர் ப்ளஸ் டூ, முடித்துவிட்டான். மே மாதம் நுழைவுத்தேர்வு, அதன் பிறகு ஏதோ ஓர் ஊரில் ஹாஸ்டல். இதுதான் அவன் எங்களோடு இருக்கப்போகிற கடைசிக் கோடை. இந்தக் கோடையிலாவது என்னோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகமாட்டானா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஏசி படுத்துவிட்டது.

4

காற்று வந்தது, குளிர் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் செம்புக்குழாய் மேல் பனி படிந்திருந்தது. கேஸ் குறைந்தால் அப்படித்தான் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

என் கணவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸில் இருந்தவர். குழாய் ஒழுகினால் பராமரிப்பு ஆபீசில் புகார் பதிவு செய்வதுதான் அவருக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு மெக்கானிக்கைத் தானாகக் கூப்பிட்டதில்லை. அங்கிளோ வாழ்நாள் முழுக்க ஸ்டோர்ஸில் சாமான் வழங்கியவர். வழங்கிய பொருளுக்கு யார் பொறுப்பு என்பது அவருக்கு வேதம் மாதிரி. இரண்டு அரசாங்க மனிதர்களும் மாடிப்படி நடுவில் நின்றார்கள்.

"கேஸ் கன்ஸ்யூமபிள் சார். நான் உனக்கு ஃபுல்லாதான் இஷ்யூ பண்ணேன். நீ யூஸ் பண்ணே, கதம் ஆச்சு. சிலிண்டர் தீந்தா என்னைக் கூப்பிடுறியா?"

"ஏசி கேஸ் தீராது சார். உள்ளேயே சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். குறைஞ்சிருக்குன்னா குழாய் கசியுதுன்னு அர்த்தம். குழாய் உங்க அசெட்."

"ஹவ், ஆமா, அசெட் என்னுது. கஸ்டடி யாருது? கசியும்போது யார் கஸ்டடில இருந்துச்சு?"

என் கணவர் மாடி ஏறிவிட்டார். மாலையில் வேறு ஒரு வாதத்தோடு இறங்கினார். வருஷா வருஷம் சர்வீஸ் செய்தது நாங்கள்தான், ஆகவே எங்கள் பக்கம் அலட்சியம் இல்லை. அங்கிள் அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

இதில் சொல்லப்படாத ஒரு விதி வேறு இருந்தது. யார் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறாரோ அவர் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஏசி மெக்கானிக் எங்கள் தெருமுனையில்தான் கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் வாசல் வழியாகத்தான் பைக்கில் போவார். இரண்டு பேரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். வெயில் அதிகம் என்று பேசிக்கொள்வார்கள். ஏசி என்ற சொல் மட்டும் இரண்டு பேர் வாயிலிருந்தும் வராது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நீங்க ரெண்டு பேரும் ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையுதீங்க. இங்க பிள்ளை பரீட்சைக்குப் படிக்க முடியாம வெந்து கெடக்கான். நானே கூப்பிடப் போறேன்" என்றேன்.

"பொறு. நாம கூப்பிட்டா நம்ம தலையில கட்டிருவாரு" என்றார் என் கணவர். பரணிலிருந்து பழைய ஏர்கூலரை இறக்கினோம். அது போட்ட சத்தத்தில் முத்து புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கே போய்விட்டான். அனலாய் இருக்கிற அந்த அறையில் கதவு வேறு சாத்தியிருந்தது. எனக்குக் கிடைத்திருந்த ஒரே கோடை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

5

தீர்ப்பு சொன்னது ஸ்டெல்லா ஆன்ட்டி. ஒரு மத்தியானம் தயிர் வாங்க மேலே வந்தவர், முத்துவின் அறையை எட்டிப்பார்த்தார். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஆன்ட்டி படியில் நின்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னங்க! கைக்கு இந்தப் பிள்ளைய சாவடிக்கிறீங்க? ஏசி குடுக்கிறது நம்ம டூட்டிதானே? மேல இல்லன்னா கீழ குடுங்க!"

கைக்கு என்றால் இந்த ஊர்ப் பேச்சில் 'ஏன்'. அங்கிள் யோசித்தார். இதில் பொறுப்பை ஒப்புக்கொள்கிற சிக்கல் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "ஹவ், டெம்பரரி அரேஞ்ச்மென்ட்! எல்லாரும் கீழ ஆவ்!"

நாங்கள் பாய், தலையணை, புத்தக மூட்டையோடு இறங்கினோம். என் கணவர் மட்டும் கௌரவம் பார்த்துக்கொண்டு மேலேயே இருந்தார். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏதோ விசாரிக்க வந்ததுபோல் அவரும் வந்து சேர்ந்தார். பிறகு ஏசி ஓடுகிற அவர்கள் ஹாலில் இரண்டு குடும்பத்தின் பாயும் வரிசையாக விரிந்தது. ஆன்ட்டி பெரிய குக்கரை எடுத்தார். நான் இஞ்சித்துவையல் அரைத்துக் கொண்டுபோனேன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு ஜெபத்துக்கு என் கணவர் முதல் ஆளாகக் கண்ணை மூடினார். இரண்டு ஆண்களும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு கன்ஸ்யூமபிளா அசெட்டா என்ற விசாரணையைத் தொடர்ந்தார்கள். குளிர்ந்த அறையில் அது கச்சேரி மாதிரிதான் கேட்டது.

அங்கிளிடம் ஒரு கேரம்போர்டு இருந்தது. முத்துவின் படிப்பு இடைவேளைகளில் இரண்டு பேரும் ஆடத் தொடங்கினார்கள். நானும் ஆன்ட்டியும் சமையலறையில் இருந்தோம். கேரம் காய்களின் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

"அங்கிள், ரெட் நக்கோ! மொதல்ல அந்த வெள்ளைய அடி. மெல்லகா அடி, இல்லன்னா ஃபவுல் ஆவும்."

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பேசுவது யார் என்று எனக்குத் தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? எட்டு வருஷத்தில் அந்தக் குரல் உடைந்து ஆண்பிள்ளைக் குரலாகிவிட்டது. அந்தக் குரலில் நான் தமிழ் கேட்டதே இல்லை.

"கைக்குடா மெல்லகா? நான் எப்டி அடிக்கிறேன் பார்" என்றார் அங்கிள். காய் எகிறி சோபாவுக்கு அடியில் போனது. முத்து விழுந்து விழுந்து சிரித்தான். "சொன்னேன்ல! பெரியவங்க பேச்சு கேக்கணும்!" எழுபது வயதுக்காரரிடம் சொல்கிறான். அங்கிள் "ஹவ் ஹவ்" என்று ஒப்புக்கொண்டு காயைத் தேடினார்.

அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். பாதி வேலூர், பாதி செகந்திராபாத், நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ். யாரும் யாரையும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்த தமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பேசிக்கொண்டே ஒருவர் எழுபது வயதுவரை மரியாதையாக வாழ்ந்துவிடலாம் என்று என் பிள்ளை அந்த ஹாலில்தான் கண்டுபிடித்தான். நான் ஊர்த் தமிழ், ஊர்த் தமிழ் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் ஒரு ஊர் இருக்கிறது, அது இதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் பின்வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"அம்மா, கைக்கு இங்க தனியா உக்காந்திருக்க? உள்ள வா. சல்லகா இருக்கு."

சல்லகா என்றால் தெலுங்கில் குளிர்ச்சியாக. அந்த வாக்கியத்தில் மூன்று மொழி இருந்தது. நான்காவதாக ஒன்று சேர்ந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கண் நிறைந்துவிட்டது. கையில் வெங்காயமாவது இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம், அவரைக்காயை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? "வாரேன்யா" என்று மட்டும் சொன்னேன்.

6

நுழைவுத்தேர்வு முடிந்தது, நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னான். தமிழில் சொன்னான். அதற்குப் பிறகு ஏசியை ரிப்பேர் செய்ய இரண்டு வீட்டிலும் யாருக்கும் அவசரமே இல்லை. ஆன்ட்டிக்கு மட்டும் அவர் தங்கை குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது, ஹால் வேண்டும். அவரே தெருவில் போன மெக்கானிக்கை நிறுத்திவிட்டார்.

மெக்கானிக் ஏணி போட்டு ஏறினார். இரண்டு ஆண்களும் தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் கீழே நின்றார்கள். குழாயின் இணைப்பில்தான் கசிவு. எங்கே? உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சுவருக்கு நடுவில், அந்தத் துளைக்குள்.

இனி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று நான் தலையில் கைவைத்தேன். ஆரம்பித்தார்கள்தான். ஆனால் இந்தத் தடவை தலைகீழாக.

"சுவர் என்னுது சார். நான் குடுக்கிறேன்."

"அதெப்படி? இத்தனை நாள் உங்க கரண்ட்லதான நாங்க தூங்கியிருக்கோம். நான்தான் குடுக்கணும்."

"நக்கோ சார். அசெட் என்னுது."

"கேஸ் கன்ஸ்யூமபிள்னு நீங்கதான் சொன்னீங்க!"

"அது அப்போ சொன்னேன்!"

ஒருவர் மற்றவர் வாதத்தை எடுத்துக்கொண்டு அதே சத்தத்தில் சண்டை போட்டார்கள். மெக்கானிக் ஏணியிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்தார். கடைசியில் குழாய் அங்கிளுக்கு, கேஸ் எங்களுக்கு என்று முடிவாயிற்று. முதல் நாளே நான் சொன்னது அதுதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேல்வீடு குளிர்ந்தது. பாயெல்லாம் மாடி ஏறியது. அன்று சாயங்காலம் முத்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டேன். "வஸ்தா" என்று குரல் வந்தது. ஏசி சரியாகிவிட்ட வருத்தத்தில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஹாலின் குளிர்ச்சியோடு போய்விடுகிற பேச்சா அது என்று மனம் அடித்துக்கொண்டது.

7

போன ஞாயிறு அக்ரிமென்டுக்காகக் கீழே கூடினோம். ஆன்ட்டி டபுள்-கா-மீட்டா செய்திருந்தார். ரொட்டியை நெய்யில் வறுத்துப் பாலிலும் சர்க்கரையிலும் ஊறவைக்கிற இந்த ஊர் இனிப்பு. முத்துவும் வந்தான். இனிப்புக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

அங்கிள் கண்ணாடியைத் தேடி அலுத்து, தாளை அவனிடம் நீட்டினார். "நீ படிடா."

படித்துக்கொண்டே வந்தவன் சின்ன ரிப்பேர், பெரிய ரிப்பேர் வரியில் நின்றான். இரண்டு ஆண்களும் நெளிந்தார்கள்.

"இது மாத்தணும்" என்றார் அங்கிள். "என்ன போடலாம் சொல்லு. குழாய் நான், கேஸ் உங்கப்பான்னு போட்றலாமா?"

"நக்கோ அங்கிள்" என்றான் முத்து. மேசையிலிருந்த பேனாவை எடுத்தான். "நான் சொல்றேன், கேளு. மேல ஏசி கெட்டா, சரியாவுற வரைக்கும் மேல்வீட்டுக்காரங்க கீழ வந்து படுக்கணும். கீழ ஏசி கெட்டா, கீழ்வீட்டுக்காரங்க மேல வரணும். யாரும் ஈகோ பாக்கக்கூடாது. அப்பா முக்கியமா."

ஆன்ட்டி கை தட்டினார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தக் கல்யாண வீட்டு வீடியோவுக்குப் பிறகு தன் பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி அவரும் கேட்டதில்லை. ஹாலில் அவர் தூங்கிக்கொண்டே கழித்த லீவு நாள் மத்தியானங்களை நினைத்து அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்திருக்கும்.

முத்து இன்னும் முடிக்கவில்லை. பேனாவைத் திருகிக்கொண்டே, தாளைப் பார்த்தபடி கேட்டான்.

"அங்கிள், நான் ஹாஸ்டல் போயிட்டா? மே மாசம் லீவுல வருவேன்ல. அப்ப ஏசி நல்லா இருந்துச்சுன்னா என்ன பண்றது?"

அங்கிள் ரொம்ப யோசித்தார். ஸ்டோர்ஸில் இல்லாத சாமானை யாரோ கேட்டுவிட்டதுபோல் தாடையைத் தடவினார்.

"நீ வா. மேல ஏசிய நானே கெடுத்து வெக்கிறேன்."

"பக்கா?"

"ஹவ். பக்கா."

"அம்மா, நீ கேட்டியா? அங்கிள் பக்கான்னு சொல்லிட்டாரு" என்று என் பக்கம் திரும்பினான்.

கேட்டேன். வீட்டுக்காரர் என்ற இடத்தில் அங்கிள் கையெழுத்துப் போட்டார், குடியிருப்பவர் என்ற இடத்தில் என் கணவர் போட்டார். தாள் என்னிடம் வந்தது. எப்போதும் சாட்சி என்ற இடத்தில்தான் எனக்குக் கையெழுத்து. இதுவரை எதற்குச் சாட்சி என்று யோசிக்காமலே போட்டிருக்கிறேன். இந்தத் தடவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.